ஐந்தாம் தரத்தோடு எங்கள் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்

மதிப்புக்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

எங்கள் ஊர்ப் பாடசாலையில் 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரையான வகுப்புகளை வருகிற ஆண்டிலிருந்து நிறுத்தி, பிள்ளைகளை ஏழு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பெரிய பாடசாலையோடு இணைக்கப்போவதாக நீங்கள் அதிபருக்கு அனுப்பிய கடிதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. ஒன்றரைப் பக்கக் கடிதம். மாணவர் தொகை இருக்கிறது, ஆசிரியர் தொகை இருக்கிறது, வளங்களை வினைத்திறனாகப் பயன்படுத்துவது பற்றி ஒரு பந்தியும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் யார், அந்தப் பெரிய பாடசாலைக்கு எப்படிப் போய்ச் சேர்வார்கள் என்பது பற்றி ஒரு வரி கிடையாது. பெற்றோரைக் கேட்டதாகவும் இல்லை.

சங்கத்தின் செயற்குழுவிலிருந்து உங்களுக்கு ஏற்கனவே எழுதினோம். பதில் வரவில்லை. அதனால்தான் இப்போது எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். அதிபரை இதற்காகக் கேள்வி கேட்க வேண்டாம், அவருக்கு இந்த மடலைக் காட்டவில்லை.

நாங்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் படிவங்களில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே, மூதூர் கிழக்கிலிருந்து ஈச்சிலம்பற்று, வெருகல் வரை, கடலுக்கும் களப்புக்கும் காட்டுக்கும் இடையில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் வாழும் வேடர் குடும்பங்கள் நாங்கள். வீட்டில் பேசுவது தமிழ். தேன் எடுக்கிறோம், களப்பில் இறாலும் மீனும் பிடிக்கிறோம், விறகு வெட்டுகிறோம், அறுவடைக் காலத்தில் மற்றவர்களின் வயலுக்குக் கூலிக்குப் போகிறோம். மானிடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்விலேயே கிழக்குக் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் உண்டு. நூறு வருடம் கழித்து, 2012 குடிசன மதிப்பீட்டு அறிக்கையில் எங்களுக்கென்று தனி நிரல் இல்லை. இலங்கைத் தமிழர் தொகைக்குள் நாங்களும் அடக்கம். அதில் எங்களுக்குப் பெரிய மனக்குறை என்றில்லை, தமிழ் எங்கள் மொழிதானே. ஆனால் வேடர் என்றால் நாட்டில் எல்லாருக்கும் மகியங்கனைப் பக்கத்துத் தம்பானைதான் ஞாபகம் வருகிறது. அங்குள்ள வேடர் தலைவர் வன்னில அத்தோ ஐயா தன் மக்களுக்காகப் பேசுகிறார், அவர் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆகஸ்ட் 9ஆம் திகதி ஆதிவாசிகள் தினத்தன்று தமிழ் பேசும் வேடர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதை எத்தனை அதிகாரிகள் நினைத்துப் பார்க்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது பெருமைக்காகச் சொல்கிற சங்கதி இல்லை. தனியாகக் கணக்கெடுக்காத பிள்ளை படிப்பை விட்டால் அதுவும் கணக்கில் வராது. மாவட்டச் சராசரிக்குள் எங்கள் பிள்ளைகள் கரைந்து போகிறார்கள். 1ஆம் தரத்தில் சேர்ந்த வேடப் பிள்ளைகளில் எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சை மண்டபம் வரை போனார்கள் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. எங்களுக்குத் தெரியும், வீடு வீடாகப் பெயர் சொல்லித் தெரியும்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மாணவர் தொகை போதாது என்பது முதல் காரணம். ஏன் போதாமல் போனது என்று ஒருதரமாவது விசாரித்திருக்கலாம்.

மேல் வகுப்புகளுக்குக் கணித ஆசிரியர் இல்லாமல் எவ்வளவோ காலம் ஓடிவிட்டது. ஒருவர் வருவார், நியமனக் கடிதத்தின் மை காயமுன்னமே 'தற்காலிக இணைப்பு' என்று நகரப் பக்கம் போய்விடுவார். பெயர் மட்டும் எங்கள் பாடசாலையில் இருக்கும். உங்கள் கடிதத்தில் உள்ள ஆசிரியர் தொகையில் அப்படிப்பட்ட பெயர்களும் சேர்ந்திருக்கின்றன. வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. விடிய முன் திருகோணமலையில் பஸ் ஏறி, மூதூரில் மாறி, பிரதான வீதியில் இறங்கி, யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஒரு பாடவேளை போய்விடுகிறது. திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடிக்க இன்னொரு பாடவேளை போகிறது. ஆசிரியர் விடுதி என்று ஒரு கட்டடம் இருக்கிறது. கதவு இல்லை, தண்ணீர் இல்லை, கூரையில் குளவிக்கூடு. அதில் ஒரு ஆசிரியையைத் தங்கச் சொல்ல எனக்கே மனம் வராது.

பிறகு, தொகை எடுத்த காலம். உங்கள் அலுவலர்கள் வந்து தலை எண்ணியது தேன் காலத்தில். பாலைப்பழமும் அப்போதுதான். அந்த நாட்களில் குடும்பமாகக் காட்டோரம் போய்த் தங்குவார்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் பிள்ளைகளும் கூடவே போவார்கள். ஐந்தாறு கிழமைக்குப் பிறகு வந்திருந்தால் வாங்குகளில் வேறு எண்ணிக்கையைப் பார்த்திருப்பீர்கள். மாரியில் வந்திருந்தால் பிள்ளைகளையே பார்த்திருக்க மாட்டீர்கள். மகாவலியின் கிளையான வெருகலாறு பெருகினால் பாடசாலைக் கட்டடம் இடம்பெயர்ந்த குடும்பங்களின் தங்குமிடமாகிவிடும். வருடக் கடைசிப் பரீட்சையும் தை மாத ஆரம்பமும் அந்த வெள்ளத்துக்குள்தான் வருகின்றன. நாட்காட்டியை அமைச்சுத்தான் போடுகிறது என்பது விளங்குகிறது. ஆனால் அந்த நாட்காட்டியில் பிள்ளை எங்கே காணாமல் போகிறது என்று தெரிந்து, அந்தக் கிழமைகளுக்கு ஈடாக வேறு கிழமைகளில் பாடம் வைக்க அதிபருக்கு அனுமதி தருவதில் என்ன சிக்கல்?

'பெற்றோருக்கு அக்கறை போதாது' என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்ற எதையும் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியவில்லை.

இன்றைக்கு ஏழாம், எட்டாம் தரத்தில் இருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன் 2006இல் பள்ளி வயதில் இருந்தவர்கள். நானும் அந்த வயதுக்காரிதான். 2004 மார்கழியில் சுனாமி. அதிலிருந்து எழும்புவதற்குள் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை ஈச்சிலம்பற்றையும் மூதூர் கிழக்கையும் காலியாக்கியது. வாகரைக்குப் போனோம், அங்கும் செல் விழ, மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனோம். 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கித் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தோணியும் இல்லை. கொப்பியை விட்ட பிள்ளைகள் களப்புக்குப் போனார்கள். எனக்கு நகரத்தில் ஒரு விடுதியில் இடம் கிடைத்தது, உயர்தரம் வரை வந்தேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் இன்று பெற்றார் கூட்டத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை நீட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்து அக்கறை இல்லை என்று எழுதுவதற்கு உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

அந்த இடப்பெயர்வின் இன்னொரு வால் பிறப்புச் சான்றிதழ். முகாமிலும் வாடியிலும் பிறந்த பலருக்கு அது இல்லை. தாய்க்கு இல்லாததால் பிள்ளைக்கு எடுக்கும்போது இழுபறி. கலியாணம் பதியாததால் தகப்பன் பெயரில் இழுபறி. பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போகும், 'இன்னொரு கடிதம் கொண்டு வாங்க' என்று திருப்பி அனுப்பினால் அடுத்த நாள் கூலியும் போகும். உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சின்ன வகுப்பில் அதிபர்மார் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்வார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும் என்று வரும்போது அந்தப் பிள்ளை நின்றுவிடும். அதையும் பெற்றோரின் அக்கறையின்மை என்றுதான் எழுதுவீர்கள் போலிருக்கிறது.

இப்போது பெரிய பாடசாலை. அங்கே ஆய்வுகூடம் உண்டு, கணினி அறை உண்டு, எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் உண்டு. உண்மைதான். எங்கள் பிள்ளைகள் அங்கே படித்து முன்னேறினால் எங்களைவிடச் சந்தோசப்படப் போகிறவர்கள் யார்? நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, ஐந்தாம் தரப் புலமைப் பரிசிலில் ஊரிலேயே கூடிய புள்ளி எடுத்தவள், 6ஆம் தரத்துக்கு அங்கே சேர்ந்தாள். தகப்பன் கடன் வாங்கிச் சைக்கிள் எடுத்துக் கொடுத்தான். முதல் கிழமையே பெயர் போய் 'வேடத்தி' ஆகிவிட்டாள். கடைசி வாங்கில் தனியாக இருக்க வைத்தார்கள், தலையில் பேன் இருக்குமாம். அதையும் தாங்கிக்கொண்டு போனாள். ஒரு நாள் வகுப்பில் யாருடையதோ ஒரு பேனை காணாமல் போனது. முதலில் அவளுடைய பையைத்தான் கவிழ்த்துப் பார்த்தார்கள். கொப்பிகள், ஒரு அடிமட்டம், கடதாசியில் சுற்றிய றொட்டி. பேனை இல்லை. பேனை பிறகு வேறு எங்கேயோ கிடைத்தது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சீருடையைத் தோய்த்துக் காயப்போட்டு, மடித்து, தாயின் றங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். இப்போது இறால் கோது உடைக்கிறாள். உங்கள் பதிவேட்டில் அவள் 'இடைவிலகல்'.

அங்குள்ள எல்லா ஆசிரியர்களும் அப்படி என்று சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளையைத் தேடி எங்கள் ஊருக்கே வந்து போன ஆசிரியை ஒருவரும் அங்கேதான் இருக்கிறார். ஆனால் ஒரு நல்ல மனுசியை நம்பி ஒரு ஊர்ப் பிள்ளைகள் முழுவதையும் அனுப்ப முடியாது. அங்கே எங்கள் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க யாரை நியமித்திருக்கிறீர்கள்? கடிதத்தில் இல்லை.

பாதையைப் பற்றியும் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நகரத்திலிருந்து மூதூருக்கு வருவது இலேசு, ஏ15 வீதியும் நல்ல வீதி. எங்கள் ஊர் அந்த வீதியில் இல்லை. வீட்டிலிருந்து பிரதான வீதி வரைக்கும் பற்றைக்காட்டு நடுவே கிரவல் பாதை. காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் இருள் விலக முன் நடக்க வேண்டும். யானை வயலிலிருந்து காட்டுக்குத் திரும்புவதும் அதே நேரத்தில், அதே பாதையால். பெரிய ஆம்பிளைகளே யானை வெடி கையில் இல்லாமல் அந்த நேரம் போகமாட்டார்கள். பதினொரு வயதுப் பெண் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? நீங்கள் அனுப்புவீர்களா?

ஆகவே 6ஆம் தரத்தை மூடினால் பிள்ளைகள் பெரிய பாடசாலைக்குப் போவார்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் வீட்டில் நிற்பார்கள். கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 ஆக உயர்த்தியது அரசாங்கம். பதினொரு வயதில் பள்ளியை எட்டாத் தூரத்துக்குக் கொண்டுபோவதும் அதே அரசாங்கத்தின் ஆட்கள்தான்.

சின்னப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று ஒரு பின்னேரம் வந்து பாருங்கள். ஊரில் உயர்தரம் படித்த மூன்று பேர் சேர்ந்து சம்பளம் இல்லாமல் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறோம். அண்மையில் விகிதக் கணக்குச் செய்தோம். எங்கள் ஊருக்கு வரும் தேன் வியாபாரி ஐந்து லீற்றர் கானில் தேனை நிரப்பிக்கொண்டு, ஆறு போத்தலுக்குக் காசு கொடுப்பார். போத்தல் 750 மில்லிலீற்றர். 'சரியா?' என்று மட்டும் கேட்டேன். 'கணிதத்தில் மிகவும் பின்தங்கியவர்' என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதப்பட்ட எட்டாம் தரப் பையன் கொப்பியைத் தொடவே இல்லை. ஆறு போத்தல் நாலரை லீற்றர், மிச்சம் அரை லீற்றர் ஒவ்வொரு கானிலும் சும்மா போகுது அக்கா, என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எல்லாருடைய வீட்டுத் தேனும் அந்தக் கானுக்குள்தான் போயிருக்கிறது. அடுத்த நாள் அவனுடைய தாய் நுண்கடன் கம்பனிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், இதில் வட்டி சரியா என்று பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் சொல்லி. அக்கறை இல்லாத பெற்றோர்!

அந்த வகுப்புக்குப் பிள்ளைகள் வராமல் விடுவது குறைவு. நாங்கள் பெரிய வித்துவான்கள் என்பதால் இல்லை. வராத பிள்ளை எந்த வாடியில் நிற்கிறது, யாருக்குக் காய்ச்சல், யாருடைய சப்பாத்து பிய்ந்துபோய்விட்டது என்று எங்களுக்குத் தெரியும், போய்க் கூட்டிவருவோம். மதியச் சாப்பாடு சமைக்கும் தாய்மாரும் அப்படித்தான், எந்தத் தரப் பிள்ளை என்று பார்த்துக் கரண்டி பிடிப்பதில்லை. ஊருக்குள் பள்ளி இருப்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது. கட்டடத்தின் மேல் வகுப்புகளைப் பூட்டினால் இதுவும் சேர்ந்து போகும், எந்தக் கணக்கிலும் வராமலே போகும்.

சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பாரபட்சத்தைத் தடுக்கிறது. 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அதன் 14ஆம் உறுப்புரை, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசின் எல்லா மட்டக் கல்வியிலும் பாகுபாடின்றி உரிமை உண்டு என்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் திருகோணமலைக்குப் பின்தங்கிய மாவட்டம் என்று சலுகை இருக்கிறது. அந்தச் சலுகையின் வாசல் வரைக்கும்கூட எங்கள் பிள்ளைகள் வந்துசேர்வதில்லை, நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது பயன்படுகிறது.

நாங்கள் கேட்பவை இவை.

இணைப்புக் கடிதத்தை நிறுத்தி வையுங்கள். தீர்மானிக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து, தேன் காலமும் வெள்ளமும் இல்லாத ஒரு நாளில், பெற்றோரை இருத்தி வைத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள், பெருவிரல் அடையாளத்தோடு என்றாலும் பரவாயில்லை.

9ஆம் தரம் முடித்த பிள்ளைகள் எப்படியும் பெரிய பாடசாலைக்குத்தான் போக வேண்டும். அவர்களுக்கு ஊருக்குள் வந்து ஏற்றிப்போகும் பஸ் ஒன்றை ஒழுங்குசெய்யுங்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபையோடு பேச வேண்டியது நீங்கள், நாங்கள் அல்ல. அந்தப் பஸ் ஒரு வருடம் தவறாமல் ஓடிய பிறகு வேண்டுமானால் இணைப்பைப் பற்றிப் பேசலாம், அதற்கு முன் பேச்சே வேண்டாம். பெரிய பாடசாலையில் எங்கள் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியரை எழுத்தில் நியமியுங்கள். தனி வாங்கில் இருத்துவதும் குடியின் பெயரால் கூப்பிடுவதும் ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள்.

எங்கள் பாடசாலையின் பெயரில் சம்பளம் எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் இணைப்பில் இருப்பவர்களைத் திருப்பி அனுப்புங்கள், அல்லது அந்த இடத்தை வெற்றிடமாகக் காட்டுங்கள். கணித ஆசிரியர் ஒருவர் அவசரம். விடுதிக்குக் கதவும் குழாய்க்கிணறும் போட்டுத் தந்தால் சாப்பாட்டை ஊர் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கிராமங்களில் உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவர்களை இங்கேயே உதவி ஆசிரியர்களாகச் சம்பளத்தோடு எடுங்கள். தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஆரம்பக் கல்விப் பயிற்சிக்கு அவர்களுக்கென ஒரு சில இடங்களை ஒதுக்கும்படி அமைச்சுக்குப் பரிந்துரை செய்யுங்கள், படித்து முடித்தால் இந்த ஊர்களிலேயே கற்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இது எனக்காகக் கேட்பது என்று யாரும் நினைத்தால், என்னை விட்டுவிட்டு மற்ற இருவரையும் எடுங்கள்.

தை மாதத்துக்கு முன் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு நடமாடும் சேவையைப் பாடசாலையில் நடத்தப் பிரதேச செயலகத்தோடு சேர்ந்து ஒழுங்குசெய்யுங்கள். பதிவாளரும் கிராம உத்தியோகத்தரும் ஒரே மேசையில் இருந்தால் போதும், பாதிப் பிரச்சினை அன்றைக்கே முடியும்.

வேடர் பிள்ளைகளின் சேர்வு, வரவு, இடைவிலகல் விபரங்களைத் தரம் வாரியாகத் தனியே திரட்டி வெளியிடுங்கள்.

இந்தத் தவணை முடிவதற்குள் எழுத்து மூலம் பதில் தாருங்கள், பிரதியை அதிபருக்கும் அனுப்புங்கள். வராவிட்டால், இணைப்புத் தீர்மானம் எந்த அளவுகோலின்படி, யாருடைய அறிக்கையை வைத்து எடுக்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்போம். விண்ணப்பத்தை எட்டாம் தரப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவித்திருக்கிறோம், கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இப்படிக்கு,
பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயற்குழு உறுப்பினரும் பழைய மாணவியுமான ஒருத்தி